அதே கார், அதே பிரேக்

அந்தக் காரில் இதுவரை இரண்டு கேக்குகள்தான் உடைந்திருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சின்னவளின் அண்ணனைக் கேட்டால் வாரத்துக்கு ஒன்று உடைவது போலப் பேசுவார். இரண்டே இரண்டுதான். இரண்டும் அவள் தப்புதான் என்று அவளே சொல்வாள். ஆனால் அண்ணன் கேட்டால் சொல்ல மாட்டாள், தானாகத் தோன்றும்போதுதான் சொல்வாள்.

சின்னவள் என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பத்தேழு. வீட்டில் இரண்டாவதாகப் பிறந்ததால் அப்பா அப்படிக் கூப்பிட்டார். அப்பா போன பிறகும் கூப்பிடுவது நிற்கவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு பேக்கரி. கல்லாவில் அண்ணன், உள்ளே அடுப்பில் சின்னவள். நடுவில் அவளுக்கு ஒரு கல்யாணமும் நடந்தது. கட்டிக்கொண்டவர் நல்ல மனிதர்தான், ஆனால் வீடா, வேலையா, ரெண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்டுவிட்டார். ரெண்டும் என்றாள். அது பதிலே இல்லை என்றார் அவர். இரண்டாம் வருஷம் பெட்டியோடு திரும்பி வந்தவள், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் மாவைப் பிசைந்தாள். அன்றிலிருந்து ரெண்டில் ஒன்றைச் சொல் என்று எவர் வாயிலிருந்து வந்தாலும் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும்.

கார் பேக்கரிக்காக வாங்கியது, பேக்கரியின் பெயரில் இருப்பது. ஐந்து கதவு வைத்த சின்ன வண்டி. சிவப்பாக வந்து, வெயிலில் செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. பின்சீட்டை மடித்தால் மூன்றடுக்கு கேக் நிமிர்ந்து உட்காரும். ஆர்டர் கேக்குகளை அவளே செய்வாள், அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். வேறு யாரையும் அந்த ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாள்.

ரேஸ் டிராக் அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் ஒரு கேக் டெலிவரியில்தான். ஊருக்கு வெளியே இருந்த டிராக்கில் ஏதோ ஆண்டுவிழா. கேக்கை இறக்கிவிட்டுத் திரும்பியவள், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தன் கார் மாதிரியே ஒரு கார் வளைவில் சாய்ந்து பறந்து போவதைப் பார்த்தாள். அதே கம்பெனி, அதே மாடல். கேட்டில் நின்றவரிடம், "இது நம்ம கார்தானே? இதெல்லாம் ஓட்டலாமா?" என்று கேட்டாள். "மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை யார் வேணா ஓட்டலாம். ஹெல்மெட் இருந்தா போதும்" என்றார் அவர். அடுத்த மாதம் புருவத்தில் மாவோடும் கையில் ஹெல்மெட்டோடும் வரிசையில் நின்றாள். வரிசையில் மற்ற எல்லோரும் ஆண்கள். அவள் காரின் பின்கண்ணாடியில் பேக்கரி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, 'கிரீம் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வண்டி ஓட்டுவது அவளுக்குக் கைவந்தது. பிரேக்தான் கைவிட்டது. டிராக்கில் நீளமான நேர்ப்பாதை ஒன்று, அதன் கடைசியில் வலது பக்கம் ஒரு கூர்மையான வளைவு. முதல் சுற்றில் பெடல் கல் மாதிரி நிற்கும். மூன்றாவது சுற்றில் ஊறிப்போன ரொட்டி மாதிரி அமுங்கும். ஒரு ஞாயிறு பிரேக் ஆயில் சூட்டில் கொதித்தே விட்டது. உள்ளே குமிழி வந்துவிட்டால் அப்புறம் காலால் மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்குவதோடு சரி, சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் தரைவரைக்கும் போனது. கார் நேராகச் சரளைக்கல் குழிக்குள் போய் இறங்கியது. கதவைத் திறந்து இறங்கினாள். பயமும் இருந்தது, ஆனால் கோபம் அதைவிட அதிகம். அடுப்பு ஒன்று பாதி வேலையில் அணைந்துபோனால் அவளுக்கு வருகிற அதே கோபம்.

இங்கேதான் கறுப்புக் கண்ணாடி வருகிறார். டிராக்குக்கு வருகிறவர்களுக்குக் கார் சாமான் விற்கிற கடைக்காரர். கடைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார் என்பதால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்தான் நாட்டாமை.

"மேடம், வண்டிய நல்லா கீழ இறக்குங்க. கல்லு மாதிரி ஸ்பிரிங் போட்டுத் தரேன். அப்பத்தான் கார் கார் மாதிரி இருக்கும்" என்றார்.

இறக்கினாள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது, அந்த அழகில் மயங்கித்தான் போட்டாள், அதை மறைப்பதற்கில்லை. அந்த வாரமே பல் டாக்டர் ஒருவரின் வெள்ளிவிழாக் கேக் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது மேலடுக்கில் குறுக்கே பிளந்துகொண்டது. முதல் கேக் அது.

அடுத்தது பேட். பிரேக்கை மிதித்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டைப் பிடிக்கிற பட்டைதான் பேட். "ரேஸ்காரங்க போடறது மேடம், எவ்வளவு சூடானாலும் அசராது" என்றார் கறுப்புக் கண்ணாடி. அது உண்மைதான். சூடானால் அசராது. சூடாகாவிட்டால் பிடிக்கவே பிடிக்காது என்பதை அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ரேஸ் பேட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது இந்தக் கூட்டத்தில் மட்டுமே நடக்கிற கூத்து. மற்றவர்களுக்கு அப்படி ஒன்று செய்யலாம் என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் பிரேக் தேனாக வேலை செய்தது. மறுநாள் காலை, பள்ளிக்கூட சிக்னலில் மிதித்தாள். கார் யாரையோ சொல்கிறார்கள் என்பது போலப் போய்க்கொண்டே இருந்தது. எழுந்து நின்று மிதித்தாள். அப்போதுதான் திடுமெனப் பிடித்தது. முன்னால் நின்ற லாரிக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள். பின்னாலிருந்த இரண்டடுக்கு கேக், முன்சீட்டின் முதுகில் போய் அப்பிக்கொண்டது.

அண்ணன் அந்த சீட்டைப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒரு கேக். ஒரே ஒரு கேக் உடையட்டும், இந்தக் கார வித்துட்டு வேன் வாங்கிடுவேன். டிரைவரும் போட்டுடுவேன்."

"என்னைக் கேக்காம விப்பியா?"

"உன்னக் கேட்டுத்தான் கேக் உடையுதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. இது கேக் காரா, ரேஸ் காரா?"

சின்னவள் நேரே போய்க் கறுப்புக் கண்ணாடியிடம் நின்றாள், பேட்டைக் கழற்றி மூஞ்சியில் எறிகிற உத்தேசத்தோடு. அவர் அசரவில்லை. "உங்க அண்ணன் சொல்றதும் நியாயம்தான் மேடம். ரெண்டுக்கும் ஒரே கார் ஆகாது. கேக்குக்கு வேற ஒண்ணு வாங்கிடுங்க. இத முழுசா டிராக்குக்கு மாத்திடலாம். பெரிய டிஸ்க், பெரிய ரிம், சீட்டெல்லாம் கழட்டிட்டு..." என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு ஆண்கள், ஊரின் இரண்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு, ஒரே நாளில் அவளிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். பழைய புருஷனையும் சேர்த்தால் மூன்று பேர். அவள் ஒன்றும் எறியவில்லை. ஆகுமா ஆகாதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன விதத்தில் கறுப்புக் கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேக்கைக் கேட்டாள்.

பேக்கரியில் மிஞ்சுகிற, ஓரம் கருகிய, சரியாக எழும்பாத ஸ்பாஞ்சை இரண்டடுக்காக வைத்து, மேலே மெல்லிசாகக் கிரீம் பூசிக் காரில் வைப்பாள். பேக்கரிச் சந்து, ரயில்வே கேட், கல் பாவிய சந்தைத் தெரு, பள்ளிக்கூட சிக்னல், திரும்ப பேக்கரி. எப்போதும் அதே பாதை, அதே வேகம். வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பாள். கிரீமில் குறுக்கே வெடிப்பு இருந்தால் ஸ்பிரிங் கடுமை. மேலடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் வண்டி வளைவில் சாய்கிறது. முன்னால் நகர்ந்திருந்தால் பிரேக் நேரம் கெட்டுப் பிடிக்கிறது. வெடிப்பே இல்லாமல் கிரீமில் அலை அலையாகச் சுருக்கம் விழுந்திருந்தால், ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை ஷாக் அப்சார்பர் அடக்கவில்லை. வேறு யாருக்கும் அது வீணாய்ப்போன கேக். அவளுக்கு அது வண்டியின் வாக்குமூலம்.

சோதனை முடிந்த கேக்கெல்லாம் மெக்கானிக்குக்குத்தான் போகும். அவர் ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, காரைப் பாக்காம கேக்கப் பாத்து செட்டிங் மாத்தச் சொல்ற ஒரே ஆள் நீங்கதான்" என்றார். இரண்டாவது வாரம், "இன்னொரு தடவை மாத்திப் பாத்துரலாமா அக்கா? சாக்லேட்ல வெச்சுப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்னு தோணுது" என்றார்.

முதலில் அந்தக் கல் ஸ்பிரிங் போனது. கார் பழைய உயரத்துக்கே ஏறியது. கம்பெனி ஸ்பிரிங்கைவிட ஒரு பிடி மட்டும் இறுக்கமான ஸ்பிரிங், அதோடு மேலே குமிழைத் திருகி இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற நல்ல ஷாக் அப்சார்பர். வளைவில் சாய்வதைக் குறைக்கப் பின் அச்சில் கொஞ்சம் தடியான குறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி சும்மா இருக்கும், ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால்தான் முறைக்கும். ரயில்வே கேட்டில் கேக்குக்குத் தொந்தரவில்லை, டிராக்கில் அவளுக்குத் தொந்தரவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று மெக்கானிக் கேக்கைத் தட்டில் வைத்துச் சாப்பிட்டார்.

பெரிய டிஸ்க் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். பெரிய டிஸ்க்குக்குப் பெரிய ரிம் வேண்டும், பெரிய ரிம்முக்கு ஒல்லி டயர் வரும், ஒல்லி டயர் ரோட்டிலிருக்கிற ஒவ்வொரு கல்லையும் கேக்கிடம் போய் வத்தி வைக்கும். "பெருசா இருந்தா கெத்தா இருக்குமே அக்கா" என்று மெக்கானிக்கே இழுத்துப் பார்த்தார். "கெத்த வெச்சு நான் கிரீம் அடிக்கவா?" என்றாள்.

பிரேக்கில் அவளுக்குக் கைகொடுத்தது அடுப்படிதான். முப்பது வருஷமாக அடுப்போடு பழகியவளுக்கு, சூடு ஏறுவதைவிட அது இறங்காமல் நிற்பதுதான் காரியத்தைக் கெடுக்கும் என்று தெரியும். சூடு இறங்க வழி செய்துவிட்டால் ரேஸ் பேட்டே தேவையில்லை. அதனால் காலையில் குளிராக இருக்கும்போதே பிடிக்கிற, டிராக்கில் ஓரளவு சூட்டையும் தாங்குகிற பேட் ஒன்றைத் தேடி எடுத்தாள். ரேஸ் பேட் அளவுக்குத் தாங்காது. போகட்டும். எளிதில் கொதிக்காத பிரேக் ஆயில் ஊற்றினாள். அழுத்தினால் உப்பிக்கொள்ளாத, எஃகுக் கம்பி பின்னிய குழாய் மாட்டினாள். முன்பக்கம் பனிவிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையிலிருந்து டிஸ்க்குக்குக் காற்று போக, அடுப்பு ரிப்பேரில் மிஞ்சிய வளைகிற குழாயை இழுத்துக் கட்டினாள். முதல் தடவை ஸ்டியரிங்கை ஒடித்தபோது டயர் அதைக் கடித்துத் துப்பியது. இரண்டாம் தடவை வேறு வழியாகச் சுற்றிக் கட்டினாள், நின்றது.

புதுப் பேட்டைப் பழக்க வேண்டும். வேகமெடுத்து, அழுத்தி, வண்டி நிற்பதற்கு முன்னால் விட்டு, மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பல தடவை செய்து சூடாக்கி, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆறவிட வேண்டும். மாவு மில்லுக்குப் போகிற அகலச் சாலை காலையில் காலியாக இருக்கும். அதற்கென்று கிளம்பிய அன்று பார்த்து, மில்லில் பேச வேண்டியது இருக்கிறது என்று அண்ணன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதல் அழுத்தலில் அண்ணனின் பேனா சட்டைப் பையிலிருந்து எகிறி விழுந்தது. "என்ன, நாயா?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

இரண்டாவது அழுத்தல். "பூனையா?"

"இல்ல."

மூன்றாவதில் அவர் இரண்டு கையாலும் முன்னால் ஊன்றிக்கொண்டார். "என்னதான் பண்ற?"

"பேட் பழக்கறேன்."

"பழக்கறதுக்கு அது என்ன, கடிக்குமா?"

"கடிக்கணும். அதுக்குத்தான்."

"கருகற வாடை வருது!"

"வரணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வேகமெடுத்தாள். மில் வருவதற்குள் அண்ணன் முகம் மாவு நிறத்துக்கு வந்திருந்தது. திரும்பும்போது மில் லாரியில் ஏறி வந்துவிட்டார்.

அண்ணன் மகளின் கல்யாணம் அந்தச் சமயத்தில்தான் நிச்சயமாயிற்று. ஞாயிறு மாலை வரவேற்பு. கேக் சின்னவள் செய்வது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொண்டுவருவது யார் என்பதில்தான் வந்தது தகராறு. அந்த ஞாயிறு டிராக் நாள். அதற்குப் பிறகு ரோடு போடுவதற்காக டிராக்கை மூடுகிறார்கள், எப்போது திறப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

"அன்னைக்கு ஒரு நாளாவது அந்தப் பக்கம் போகாத" என்றார் அண்ணன்.

"போவேன். காலைல போவேன், சாயங்காலம் கேக்கோட வருவேன். அதே கார்ல. அதே பிரேக்ல. நடுவுல ஒரு நட்டக்கூடத் திருக மாட்டேன்."

"வேணும்னே பண்றியா?"

"வேணும்னேதான் பண்றேன்."

அண்ணி குறுக்கே வந்து, "நீ போகலேன்னா என்ன குடி முழுகிடப் போகுது? இவர் வாயாவது அடையுமே" என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தாள். சின்னவளுக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. போகாமல் இருந்தால் கேக் நாள் வேறு, கார் நாள் வேறு என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அத்தனை ஸ்பாஞ்சும் அத்தனை சோதனையும் எதற்கு? ஒரே காரில் ரெண்டும் ஆகும் என்று காட்டாவிட்டால், அவள் இத்தனை வருஷம் இருந்த இருப்பே ஆகாது என்றல்லவா அர்த்தம்? இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால், "போவேன்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

மணப்பெண் மட்டும் பின்னாலேயே வந்தாள். "அத்தை, என் கேக் உடைஞ்சா நான் அழ மாட்டேன். அப்பாதான் அழுவாரு. அதனால பாத்து ஓட்டுங்க."

ஞாயிறு வந்தது. காலையில் டிராக்கில் கறுப்புக் கண்ணாடி அவள் காரைச் சுற்றி வந்து, அடுப்புக் குழாயைக் காலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். நேர்ப்பாதையில் அவருடைய பெரிய வண்டி இவளைத் தாண்டிக்கொண்டு போனது. எப்போதும் போவதுதான். மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதையின் கடைசியில், முன்பு சரளைக்கல்லுக்குள் இறங்கிய அதே இடத்தில் மிதித்தாள். பெடல் நின்றது. நாலாவது சுற்றிலும் நின்றது. ஐந்தாவதிலும் நின்றது. அதற்கு மேல் எண்ணவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவள் சத்தமாகச் சிரித்தது யாருக்கும் கேட்டிருக்காது.

"சுத்துக்கு நேரம் கூடிப்போச்சே மேடம். அந்தக் கல் ஸ்பிரிங்ல இதவிட வேகமாப் போனீங்க" என்றார் கறுப்புக் கண்ணாடி.

"கூடட்டும். சாயங்காலம் எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மதியம் முழுக்க வீட்டில் நின்ற கார் மாலையில் பேக்கரிச் சந்துக்குள் நுழைந்தபோது, அங்கே ஒரு வாடகை வேன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மூன்றடுக்கு கேக் பெட்டியோடு வேனுக்குள் இருந்தது. பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக அண்ணன்.

"கேக்க இறக்கு" என்றாள்.

"முடியாது. இது என் பொண்ணு கேக்."

"நான் செஞ்ச கேக். அந்த வேன் தரையத் தொட்டுப் பாரு, ஸ்பிரிங்கா இரும்புக் கட்டையான்னு உனக்கே தெரியும். நம்பிக்கை இல்லேன்னா நீயும் ஏறு. பின்னால கேக் பக்கத்துலயே உக்காரு. உடைஞ்சா அங்கேயே சாவியத் தரேன், வித்துக்கோ."

அண்ணன் தயங்கினார். பட்டுப்புடவையில் நின்ற அண்ணிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஏங்க, ஒண்ணு வேன்ல ஏறுங்க, இல்ல கார்ல ஏறுங்க. நான் ஆட்டோல போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் போயே போய்விட்டாள்.

கேக் காருக்கு மாறியது. பின்சீட்டில் பாதியை மடித்துக் கேக், மீதிப் பாதியில் முழங்கால் மோவாயைத் தொட அண்ணன். சின்னவள் கதவைச் சாத்துமுன் குனிந்து சொன்னாள்: "தொடாத. நடுவுல குச்சி இருக்கு, அடியில ரப்பர் விரிப்பு இருக்கு. அது பாட்டுக்கு நிக்கும். நீ பாத்தா மட்டும் போதும்."

ரயில்வே கேட்டில் கார் ஏறி இறங்கியது. அண்ணன் பெட்டியின் முன்மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வெடிப்பில்லை. சந்தைத் தெருக் கல்லில் மறுபடி பார்த்தார். சுருக்கமில்லை. மூடியை மறுபடி மூடவில்லை.

பள்ளிக்கூட சிக்னல் பச்சையில் இருந்தது. கார் அதை நெருங்கியபோது, இடதுபக்கச் சந்திலிருந்து, நாலைந்து மெத்தையை மலையாகக் கட்டிய மூன்றுசக்கர வண்டி ஒன்று சிக்னலாவது ஒன்றாவது என்று குறுக்கே வந்தது. ஓட்டுகிறவருக்கு மெத்தைக்கு அந்தப் பக்கம் உலகம் இருப்பதே தெரியவில்லை. சின்னவள் மிதித்தாள்.

மதியத்திலிருந்து நின்று ஆறிப்போன பிரேக். தொட்டவுடன் பிடித்தது. கார் இப்படி அப்படி இழுக்காமல், மூக்கைத் தரையில் குத்தாமல், நேர்கோட்டில் நின்றது. மெத்தை மலை ஒன்றும் நடக்காதது போல முன்னால் கடந்து போனது. பின்னாலிருந்து, "ஐயோ!" என்று ஒரு சத்தம் வந்தது.

சின்னவள் காரை ஓரமாக நிறுத்தி, மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

கேக் நிமிர்ந்து நின்றது. மூன்றடுக்கும் வைத்தது வைத்தபடி. நடு அடுக்கில் மட்டும் அண்ணனின் வலது கை, விரல் ஐந்தும் புதைய, உள்ளே இருந்தது.

"பிடிச்சேன்" என்றார் அண்ணன். "விழுந்துடும்னு பிடிச்சேன்."

"கைய எடு."

எடுத்தார். ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சு வார்த்தது போலக் கேக்கில் பதிந்திருந்தன.

"நீ பிரேக் போட்டே" என்றார்.

"போட்டேன். கார் நின்னுச்சு. கேக்கும் நின்னுச்சு. நிக்காதது யாரு?"

அண்ணன் கிரீம் ஒட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைகாட்டி மரம் போல உயர்த்திப் பிடித்துக்கொண்டே மண்டபம் வரைக்கும் வந்தார்.

மண்டபத்தில் கேக்கை மேசையில் இறக்கினார்கள். கூட்டம் சுற்றி நின்றுகொண்டது. அண்ணி வாயில் கைவைத்தாள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, "வழியில உடைஞ்சிருச்சா? அந்த ரேஸ் கார்லயா கொண்டு வந்தாங்க?" என்று பக்கத்தில் கேட்டது இவள் காதில் விழுந்தது. இரண்டு நிமிஷம் கொடுத்தால் பூசி மறைத்துவிடுவாள், பையில் கிரீமும் கத்தியும் எப்போதும் உண்டு. அவள் பையைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அண்ணனையே பார்த்தாள். ரோடு மோசம் என்று ஒரு வார்த்தை, பிரேக் என்று ஒரு வார்த்தை, எதைச் சொன்னாலும் கூட்டம் நம்பிவிடும். கார் போய்விடும்.

மணப்பெண் வந்து குனிந்து பார்த்தாள். "யார் பண்ணது இது?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். இத்தனை பேர் நடுவில் அவர் தன் தப்பென்று எதையும் சொல்லிச் சின்னவள் கேட்டதில்லை.

"நான்தான்" என்றார். "கார்ல ஒண்ணும் ஆகல. உங்க அத்தை தொடாதேன்னுதான் சொன்னா. நான்தான் நம்பாம தொட்டேன்."

மணப்பெண் அந்த ஐந்து விரல் பள்ளத்தைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள். "அப்படியே இருக்கட்டும். யாரும் பூசாதீங்க" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் அழுதே விட்டார். அவர் அழுவார் என்று அவள் முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள நகர்ந்த பிறகு, அண்ணன் சின்னவளிடம் வந்தார். கழுவியும் கழுவாத கையைச் சட்டைப் பைக்குள் விட்டு மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். சாவியிலும் கிரீம். அவள் அதை வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"வேன் வேணாம்" என்றார். பிறகு, விட்டுக்கொடுத்ததில் கொஞ்சமாவது மீட்டுக்கொள்ள வேண்டுமே என்று, "ஆனா ஒண்ணு. டிராக் திறந்தப்புறம், கேக் ஆர்டர் இல்லாத நாளாப் பாத்துப் போ" என்றார்.

சின்னவள் சாவியை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"முடியாது" என்றாள். "ரெண்டும் இருக்கற நாளாப் பாத்துத்தான் போவேன்."